கீழ்வீட்டு இருமல்

இரண்டு மணியாகியும் கீழேயிருந்து ஓர் இருமல் வரவில்லை. மற்ற நாட்களென்றால் இந்த நேரத்துக்குள் நாகேந்திரம் பத்துப் பதினைந்து தரமாவது இருமித் தள்ளியிருப்பான். அந்த இருமல் நிலத்துப் பலகையைத் துளைத்துக்கொண்டு குசினிக்கு வரும், மேசைக் காலைப் பிடித்து ஏறும், வைத்திலிங்கத்தாரின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் வந்து விழும். வாயைப் பொத்தி இருமத் தெரியாத சனம் என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆறு வருசமாக இரண்டு பேருக்கும் இடையில் எல்லாப் பேச்சும் சுவரோடுதான். பக்கக் கதவைச் சரியாக இழுத்துச் சாத்தாமல் அவன் வெளியே போனால், 'கதவைச் சாத்தத் தெரியாதோ, காஸ் காசு இவன்ர கொப்பனே கட்டிறது' என்று குசினிச் சுவருக்கு உரத்துச் சொல்வார். கீழே ரேடியோவின் சத்தம் ஒரு இழை கூடும். அதுதான் பதில். நாகேந்திரம் அவருடைய மனிசி பூமணியின் தம்பி. பூமணி சாகக் கிடந்தபோது, தம்பியை வெளியில விட்டிடாதேங்கோ என்று அவருடைய கையைப் பிடித்துக் கேட்டாள், அவரும் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டின தலைக்காக இன்றைக்கும் அவன் கீழே பேஸ்மென்டில் இருக்கிறான். ஆனால் வீட்டில் இருக்க விடுவதாகத்தான் தலையாட்டினது, முகம் பார்ப்பதாக ஒருவரும் அவரிடம் வாக்கு வாங்கவில்லை. நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லாத ஆட்கள் எத்தனையோ பேர் இந்த ஸ்காபரோவில் வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள். இவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். தேத்தண்ணி ஆறிவிட்டது. கோப்பைச் சூட்டுக்காகத்தான் ஊற்றினது, குடிக்க மனமில்லை, வயிற்றைப் பிரட்டியது. வெளியே சைபருக்குக் கீழே இருபத்துநாலு என்று மோலில் ஒரு கடைக்காரப் பொடியன் சொன்னான். காற்று வேறு. யன்னல் கண்ணாடியின் கீழ்விளிம்பில் பனி கல்லாகி, வீட்டுக்குள்ளேயே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது.

தலையிடி மறுபடி தொடங்கிவிட்டது. இரண்டு நெற்றிப் பொட்டிலும் ஆரோ பெருவிரலை வைத்து அழுத்துவதுபோல். காலையில் ஒன்பது மணிக்கு எழும்பி மோலுக்குப் போகும்போதும் இருந்தது. மோலில் கதிரையில் இருந்து ஒரு மணித்தியாலத்தில் போய்விட்டது. ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி அரை மணிக்குள் திரும்ப வந்து நிற்கிறது. பிரஷர்தான். இல்லாவிட்டால் அந்தக் கடுதாசிதான். காஸ் கொம்பனியின் கடுதாசி மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே கிடந்தது. இங்கிலீஸ் வாசிக்க வராது அவருக்கு, ஆனால் இலக்கம் எல்லாப் பாசையிலும் ஒன்றுதானே. போன மார்கழிக்கு இருநூற்றுப் பத்து, இந்த மார்கழிக்கு முந்நூற்று நாற்பது. சுவரிலிருக்கிற சூட்டுப் பெட்டியைப் பதினேழில் வைத்து, மேலே கண்ணாடிமாதிரி பிளாஸ்டிக் கூடு போட்டுப் பூட்டி, திறப்பைத் தன் அரைஞாணில் கட்டி வைத்திருந்தும் முந்நூற்று நாற்பது. அவர் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போடுகிறார், பகலில் மோலில் போய் இருக்கிறார், அங்கே சூடு சும்மா கிடைக்கிறது; பிறகு ஆர் குடிக்கிறது இந்தக் காஸை? அதைத்தான் போன வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தார். நாகேந்திரம் பிள்ளையார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கினார். அவன் இருக்கும்போது இறங்குவதில்லை என்பதுதான் சத்தியம், இல்லாதபோது இறங்கலாம். போறணை இருக்கிற அறைக்குள் போனார். இங்கத்தைய ஆட்கள் ஃபேர்னஸ் என்பார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து சுன்னாகத்தில் பேக்கரிப் போறணைக்கு விறகு போட்ட மனுசனுக்கு அது போறணைதான். அதற்குப் பக்கத்தில், வெளிச் சுவரிலிருந்து, வெள்ளித்தாள் சுற்றின யானைத் தும்பிக்கைமாதிரி ஒரு குழாய் தொங்கியது. நுனி ஒரு வாளிக்குள் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தார். ஐஸ். வெளியில் வீசுகிற காற்று அப்படியே அந்தக் குழாயால் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. காசு கொடுத்துச் சூடாக்குகிற வீட்டுக்குள் குளிரை விடுவதற்கு ஒரு குழாய்! கட்டினவன் விட்ட பிழையா, நாகேந்திரம் செய்வித்த வேலையா என்று ஒரு கணம் யோசித்தார், நாகேந்திரம் என்று முடிவெடுத்தார். குழாயில் மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது, சிவப்பில் ஒரு முக்கோணமும் நாலு வரி இங்கிலீசும். அதைப் பார்த்துக்கொண்டுதான் அடைத்தார். பெட்டிக்குள் கிடந்த பூமணியின் பழைய வாயில் துணிச் சேலையைச் சுருட்டி, முழங்கை வரைக்கும் உள்ளே தள்ளி, மேலே சாம்பல் நிற டேப்பை ஐந்து சுற்றுச் சுற்றினார். காற்று நின்றது. அந்த நிமிசமே அறை சூடானதுபோல் இருந்தது. நீல நிறச் சேலை. அவள் அதைக் கடைசியாகக் கட்டினது ஆரோ ஒருவரின் கலியாண வீட்டுக்கு.

சுவரிலிருந்த போன் அடித்தபோது அவர் துள்ளியேவிட்டார். மகள் துஷ்யந்தி, கல்கரியிலிருந்து. வேலை நேரத்தில் எடுக்கிற பிள்ளையில்லை. அப்பா சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை, அங்கே எவ்வளவு குளிர் என்று கேட்கவில்லை. 'மாமா போன் எடுக்கிறார் இல்லை' என்றாள். நித்திரையாயிருப்பான் என்றார் அவர். விடியத்தொடக்கம் ஒன்பது தரம் அடித்தேன் என்றாள். நேற்றுப் பின்னேரம் கதைத்தபோது சத்தி எடுக்கிறது, தலை சுற்றுகிறது என்று சொன்னாராம், சளிக்காய்ச்சலாக்கும் என்று தான் விட்டுவிட்டாளாம். 

'அப்பா, ஒருக்கா கீழ இறங்கிப் பாருங்கோவன்.'

'அவன்ர போன், அவன்ர விருப்பம்.'

'அப்பா.'

'நான் இறங்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே பிள்ளை.'

'ஆறு வருசமாச்சப்பா. அம்மா இருந்தா உங்களுக்கு இப்ப என்ன சொல்லியிருப்பா?'

அம்மா இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று நினைத்துக்கொண்டார். கூட்டம் ஒன்று இருக்கிறது, முடிய எடுக்கிறேன், அதற்குள் பார்த்துச் சொல்லுங்கோ என்று அவள் வைத்துவிட்டாள். வைத்த பிறகும் அவர் போனைக் காதில் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தி. தலைச்சுற்று. அவருக்கும்தான் வயிற்றைப் பிரட்டுகிறது, அதற்காக ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்கிறாரா?

இது அவனுடைய விளையாட்டு. அப்படித்தான் இருக்க வேண்டும். மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தால் கிழவன் பயந்து இறங்கி வருவான், வந்தால் தான் வென்றது. ரேடியோவையும் நிற்பாட்டி வைத்திருக்கிறான். பன்னிரண்டரைக்கு மரண அறிவித்தல் போகும், அதை ஒருநாளும் தவறவிட மாட்டான், ஊர் பேரும் சொந்தக்காரர் பேரும் வரிசையாகச் சொல்லச் சொல்ல, கீழே 'ஐயோ இவரோ' என்பான், 'அட இந்த மனுசியும் போட்டுதோ' என்பான், மேலே இவரும் காது கொடுத்துக் கேட்பார், கேட்காததுமாதிரி இருப்பார். இன்றைக்கு அவர் வரும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. அதனால் ரேடியோ போனதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? காலையில் தண்ணி திறந்த சத்தம் கேட்டதா? கேட்டது. இல்லை, அது நேற்று. ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பின்னேரம் கீழே அவன் 'என்ன கோதாரித் தலையிடியப்பா இது' என்று வாய்விட்டுச் சொன்னது கேட்டது, கேட்டு இவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது, இடிக்கட்டும் என்று சுவருக்குச் சொன்னார். சுவருக்கு இல்லை, அவனுக்குக் கேட்கத்தான் சொன்னார். அதற்குப் பிறகு? பக்கக் கதவால் எங்காவது போயிருப்பான். ஆனால் ஒன்றரைக்கு இவர் வரும்போது படியில் முழங்கால் பனி, அதில் காலையில் இவர் போன காலடி மட்டும் பாதி மூடிக் கிடந்தது. உள்ளே போன காலடியுமில்லை, வெளியே வந்ததுமில்லை. டுப். கீழே போறணை பற்றிக்கொண்டது. முதலில் சின்னதாக ஒரு டுப், பிறகு ஊ என்று மூச்சை இழுக்கிற சத்தம், பிறகு நிலத்து ஓட்டைகளால் சூட்டுக் காற்று. ஆறு வருசமாக ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு நாளைக்கு நாற்பது தரம் அந்த டுப்பைக் கேட்கிறார், நாற்பது தரமும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. பிரேதம் எரிக்கிற இடத்துக் கண்ணாடி அது. அந்தப் பக்கம் பூமணியின் சவப்பெட்டி உள்ளே போய் இரும்புக் கதவு மூடியாகிவிட்டது. இந்தப் பக்கம் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். ஊரிலென்றால் கொள்ளிக்குடம் தூக்கி, மூன்று சுற்றுச் சுற்றி, திரும்பிப் பாராமல் நெருப்பை வைத்துவிட்டு வரலாம். இங்கே ஒரு பொத்தானை அமத்த வேண்டும், அவ்வளவுதான் நெருப்பு. ஆண்பிள்ளை இல்லாத மனுசிக்கு அதை அமத்துகிற உரிமை புருசனுக்கு. ஐயர் அவரைத்தான் கூப்பிட்டார். அவர் கையை நீட்டினார். நீட்டின கைக்கு மேலால் இன்னொரு கை வந்தது, கட்டை விரலில் சுட்ட தழும்பு உள்ள கை, நாகேந்திரத்தின் கை, பச்சையை அமத்திவிட்டது. டுப். ஊ. முழுச் சனத்துக்கும் முன்னால். என் மனிசிக்கு நெருப்பு வைக்க நீ ஆரடா என்று அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. அன்றையிலிருந்து வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் எழும்பிக் குசினி லாச்சியைத் திறந்தார். எதற்குத் திறந்தோம் என்பது மறந்துபோயிற்று. இப்படி இரண்டு மூன்று நாளாக மறக்கிறது. லாச்சிக்குள் கரண்டிகளோடு அந்த வெள்ளைப் பெட்டி கிடந்தது, துஷ்யந்தி போன வருசம் வந்தபோது பக்கப்படிக்கு மேலே மாட்டிவிட்டுப் போன பெட்டி. புகை வந்தால் கத்துகிற பெட்டி கூரையில் வேறு இருக்கிறது, அது மீன் பொரித்தாலே கத்தும். இது வேறென்னவோ காற்றுக்காம் என்று அவள் சொன்னாள், அவர் சரியாகக் கேட்கவில்லை. சனிக்கிழமை விடிய அது கத்தியது. காதைக் கிழிக்கிற கத்து. நாகேந்திரம் செத்தல் மிளகாய் வறுக்கிறான் என்று திட்டிக்கொண்டே கதிரையில் ஏறி, கழற்றி, பற்றரியைப் பிடுங்கி லாச்சிக்குள் போட்டார். இப்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஒரு விசயம் வந்து முள்ளாகக் குத்தியது. மிளகாய் வறுத்தால் மூக்கரிக்கும். தும்மல் வரும். பக்கத்து வீட்டுச் சீனாக்காரன் கூட யன்னலைத் திறப்பான். சனிக்கிழமை ஒருவரும் தும்மவில்லை. அவர் மோந்து பார்த்தார், இப்போதுதான் மோந்து பார்த்தார், சனிக்கிழமை மணத்தை இன்றைக்கு மோந்து பார்க்கிற மாதிரி. ஒன்றுமில்லை. ஒரு மணமுமில்லை. புகையுமில்லை. காஸ் நெருப்பில் புகை ஏது, நீல நிறத்தில் சுத்தமாக எரிகிற நெருப்பு. புகை இல்லாவிட்டால் பயமில்லை என்று பேக்கரி முதலாளி சொல்வார், புகை அடங்கி விறகு தணலாகின பிறகுதான் பாண் வைக்கலாம், மனுசன் கிட்டப் போகலாம். தணல். அவர் பெட்டியை மேசையில் வைத்தார். தணல் என்ற சொல் போக மறுத்து நின்றது. சின்னக்கிளி. ஐம்பது வருசமாக நினைக்காத பேர். மா குழைக்கிற சின்னக்கிளி, பகிடி விடுகிறவன், மற்றவனின் வெற்றிலையைத் திருடிச் சப்புகிறவன். ஒரு மார்கழி அடைமழை. சாரல் அடிக்கிறதென்று விறகறைக் கதவுக்குச் சாக்கு வைத்து அடைத்துவிட்டு, போறணைத் தணலை ஒரு தகரத்தில் அள்ளிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தான். மத்தியானச் சோற்றுக்கு எழுப்பப் போனது வைத்திலிங்கம்தான், பதினாறு வயது. சாக்கை இழுத்தான். உள்ளே நல்ல சூடு. ஒரு மணமில்லை, ஒரு புகையில்லை. சின்னக்கிளி பக்கவாட்டில் நித்திரை. முகம் சிவந்து, புது மாப்பிள்ளைமாதிரி, உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இல்லாத வடிவு. தோளைத் தட்டினதும் தலை மட்டும் தனியே திரும்பியது. பேய் அடித்துப்போட்டுது என்றார் முதலாளி. சாத்திரியாரைக் கூப்பிட்டுக் கழிப்புக் கழித்தார்கள். ஒருவரும் அந்தச் சாக்கைப் பற்றிக் கதைக்கவில்லை.

சாக்கு. சேலை. அவர் இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைக்காமல் இருக்கப் பார்த்தார். அது ஊர், இது கனடா. அது தணல், இது காஸ். அரசாங்கம் பார்த்து வைத்த சாமான் ஆளைக் கொல்லுமா? ஆனால் பார்த்து வைத்தவர்கள்தானே அந்தக் குழாயையும் வைத்திருப்பார்கள். மஞ்சள் துண்டும் சிவப்பு முக்கோணமும் அவர்கள் ஒட்டினதுதானே. நெருப்புக்கும் மூச்சு வேண்டும், பேக்கரியில் அவருக்குத் தெரியாததா, வாயை முழுக்க மூடினால் விறகு எரியாது, கறுக்கும். தெரிந்தும் அடைத்தார். குளிர்க்காற்று காசைத் தின்கிறதென்று அடைத்தார். அவனைக் குளிரால் வதைக்கவில்லையே, சூட்டைத்தானே கூட்டிக் கொடுத்தேன் என்று ஒரு குரல் உள்ளுக்குள் வழக்குப் பேசியது. டுப். மறுபடி பற்றிக்கொண்டது. இப்போது அந்த மூச்சிழுப்பு வேறுமாதிரிக் கேட்டது, இழுக்கக் காற்றில்லாதவன் இழுக்கிற மாதிரி. அவர் குசினிக் கதவின் கொண்டியை நீக்கினார். ஐந்து படி இறங்கினால் பக்கக் கதவுக்கு முன்னால் ஒரு சின்னத் தளம். அங்கிருந்து இன்னும் ஏழு படி கீழே. தளத்துச் சுவரில் சிவப்புத் தட்டில் ஒரு சுவிட்ச், போறணையை நிற்பாட்டுகிற சுவிட்ச், ஒருநாளும் தொடாதது. அவர் அதற்கு முன்னால் போய் நின்றார். கை எழும்பவில்லை. அமத்தினால் நிற்கும், நின்றால் கீழே ஒரு சத்தமும் இருக்காது, அந்தச் சத்தமில்லாமைக்குள் அவர் இறங்கிப் போக வேண்டும், போனால் அங்கே சின்னக்கிளியின் முகம் இருக்கும். அமத்தாமல் நின்றால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. இப்படித்தான் நின்றார். கண்ணாடிக்கு முன்னாலும் இப்படித்தான். நீட்டின கை என்று ஆறு வருசமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாரே, அந்தக் கை எங்கே நீண்டது? தொங்கிக்கொண்டு கிடந்தது. ஐயர் ஒருதரம் கூப்பிட்டார், இரண்டாந்தரம் கூப்பிட்டார். அங்கே வேலை செய்கிற வெள்ளைக்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான், அடுத்த செத்தவீட்டுக்காரர் வாசலில் வந்துவிட்டார்கள். சனம் குசுகுசுத்தது. அப்போது அவர் பக்கத்தில் நின்றவனின் மணிக்கட்டைப் பிடித்தார். அழுதுகொண்டு நின்ற நாகேந்திரத்தின் மணிக்கட்டை. என்னால ஏலாதடா, நீ அமத்து என்றார். வாயால் சொன்னாரா, பிடியால் சொன்னாரா என்பது தெரியவில்லை, ஆனால் சொன்னார். அவன், அத்தான் வேண்டாமத்தான் என்று தலையை ஆட்டினான். அவர்தான் அந்தக் கையை இழுத்துக்கொண்டுபோய்ப் பச்சையில் வைத்து அழுத்தினார். கட்டை விரல் தழும்பு அவருடைய உள்ளங்கையில் உரசியது. இன்றைக்கும் உரசுகிறது. ஒருவனிடம் தன் கோழைத்தனத்தைக் கொடுத்துவைத்துவிட்டு, அவன் அதை வைத்திருக்கிறான் என்பதற்காகவே அவனை ஆறு வருசம் பகைத்தார்.

அவர் சிவப்பை அமத்தினார். தானே, தன் விரலால். போறணை ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பக்கக் கதவை இழுத்துத் திறந்தார், காற்று உள்ளே பாய்ந்து முகத்தில் அறைந்தது, பனி தளத்தில் கொட்டியது. மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார், போறணை வாய்க்குள் தலையை நீட்டும்போது பிடிக்கிற மாதிரி. நாகேந்திரம் கட்டிலில் இல்லை. படிக்குக் கிட்ட, நிலத்தில், ஒரு கை முதல் படியில் கிடக்கக் குப்புறக் கிடந்தான். வரப் பார்த்திருக்கிறான். மேலே வரப் பார்த்திருக்கிறான். சத்தி எடுத்திருந்தது. புரட்டினார், முகம் சிவந்திருந்தது, சின்னக்கிளி, சின்னக்கிளி, ஆனால் தோளைத் தட்டினதும் கண்மடல் அசைந்தது. அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினார். எழுபத்தொரு வயது. ஒரு படி, இருந்து, இன்னொரு படி. பிடித்த மூச்சு மூன்றாம் படியில் விட்டுப்போயிற்று, விட்டதை இழுத்தார், தலை சுற்றியது, ஐந்தாம் படியில் முழங்காலில் விழுந்தார், அவனுடைய குதிகால்கள் ஒவ்வொரு படியிலும் டக் டக்கென்று அடிபட்டுக்கொண்டு வந்தன. தளத்தில் கொண்டுவந்து, திறந்த கதவுக்கு நேரே, தன் மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டு சாய்ந்தார். மேலே குசினியில் போன் அடித்தது. ஐந்து படி. அவனை நிலத்தில் வைத்துவிட்டு நாலு காலில் ஏறினார், 'ஆம்புலன்சுக்கு அடி பிள்ளை, மாமா' என்று மட்டும் சொன்னார், போனைத் தொங்கவிட்டுவிட்டு மறுபடி சறுக்கிக்கொண்டு இறங்கி அதே தலையை அதே மடியில் எடுத்து வைத்தார். தெருவில் ஒரு மனுசரில்லை. மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. பனி நேராக உள்ளே வந்து இரண்டு பேருடைய கால்களையும் மூடத் தொடங்கியது. மூன்று நாள் அடைத்து வைத்த சூடு அவருடைய முதுகைத் தாண்டிக் கதவால் வெளியே போய்க்கொண்டிருந்தது. நாகேந்திரத்தின் உதடு அசைந்தது. அவர் குனிந்து காதை வைத்தார்.

'அத்தான்… கதவைச் சாத்துங்கோ. காசு போகுது.'

'போகட்டும்' என்றார் வைத்திலிங்கத்தார்.

அவனுடைய கண் மூடிக்கொண்டது. நெஞ்சு அசைகிறதா, தன் கைதான் நடுங்குகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. தன் மேல் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் மேல் போட்டார், கதவு காற்றில் மூடாமல் காலை நீட்டி உதைத்துப் பிடித்தார். தூரத்தில் எங்கோ ஆம்புலன்சின் சங்குச் சத்தம் வருவதுபோல் இருந்தது, காற்றாகவும் இருக்கலாம். அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தட்டினார், பிறகு கொஞ்சம் பலமாக.

'இருமடா' என்றார். 'நாகேந்திரம், ஒருக்கா இருமு. நான் ஒண்டும் சொல்ல மாட்டன். ஒருக்கா இருமடா.'